பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

மே 2, வெள்ளி

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. என்ன நடந்தது என்று அல்ல, உடம்பு என்ன சொல்கிறது என்று எழுத வேண்டுமாம். பத்தொன்பது வருஷமாகச் சரக்கு ரயில் ஓட்டுகிறேன். என் உடம்பு இதுவரை என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருவரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தோம்.

முதல் பக்கம் என்பதால் விவரத்தை எழுதிவிடுகிறேன். ஏப்ரல் பதினொன்று, காலை ஒன்பதே முக்கால். ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள் வண்டி மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது. வேகம் இருபத்தெட்டு. வளைவு திரும்பியதும் பார்த்தால், தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவசர பிரேக் போட்டேன். வண்டி நின்றது. என் அசிஸ்டென்ட் இம்மானுவேல் இறங்கி ஓடி, அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஓரமாக உட்கார வைத்தான். இன்ஜினுக்கும் அவள் இருந்த இடத்துக்கும் பதினோரு தப்படி என்று நடந்து அளந்து சொன்னான். ஸ்டேஷன் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நடக்காத விபத்துக்கு லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே டூட்டிக்குப் போனேன்.

ஏப்ரல் இருபத்தாறு அன்று பச்சை சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டேன். முன்னால் யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி தெரிந்தது. இம்மானுவேல் இறங்கிப் போய்ப் பார்த்தான். காற்றில் பறந்து வந்து கிடந்த ஓர் உரச்சாக்கு. பின்னால் இரண்டு எக்ஸ்பிரஸ்கள் காத்துக் கிடந்தன. அதற்கப்புறம்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் ஓய்வு. இருபத்து மூன்றாம் தேதி மறுபடியும் பார்த்துவிட்டு, நான் இன்ஜினுக்குத் திரும்பலாமா, இல்லை ஆபீஸ் நாற்காலிதானா என்று டாக்டரம்மா முடிவு செய்வார். எனக்கு இன்ஜின்தான் வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

மே 3, சனி

மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை இழுக்க வேண்டும், ஆறு எண்ணும்வரை விட வேண்டும். மூச்சு விடத் தெரியாமலா நாற்பத்து நாலு வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று கேட்க நினைத்தேன். டாக்டரம்மா நல்ல மாதிரி, அதனால் கேட்கவில்லை.

இன்ஜினில் ஒரு பொத்தான் உண்டு. டிரைவர் ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். உடனே அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். ஆள் விழித்திருக்கிறானா என்று பார்க்கும் ஏற்பாடு. கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தால் என் கட்டைவிரல் அந்தப் பொத்தானைத் தேடுகிறது. நான் பாயைக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "அம்மா, அப்பா எறும்பு கொல்றாரு" என்று கத்தினாள் நிறைமதி. ஏழு வயது. அவளுக்குப் பயந்து பயிற்சியை நிறுத்திக்கொண்டேன்.

மே 5, திங்கள்

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஃபேன் துடைத்தேன். பரண் மேல் கிடந்த பழைய பேப்பரையெல்லாம் இறக்கிக் கட்டி வைத்தேன். என் மனைவி மேகலா, "கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தால் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு நடப்பதே மேல்.

வீட்டில் ஒரு வாரமாக வடித்த சோறு. பருப்பும் சட்டியில்தான் வேகிறது. மேகலா இரண்டாம் வகுப்பு டீச்சர், கோடை விடுமுறையில் இருக்கிறாள், பொழுது நிறைய இருக்கிறது போல. போன வாரம் குக்கரில் ஆவி பீறிட்டபோது நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. அவசர பிரேக் போட்டால் காற்று அதே சத்தத்தில்தான் வெளியேறும், ஆனால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை. வடித்த சோறு நன்றாகவே இருக்கிறது.

மே 6, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் நார்மல்.

மே 8, வியாழன்

நிறைமதி மடியில் ஏற வந்தாள். புழுக்கமாக இருக்கிறது, தள்ளிப் போ என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கையாலும் தள்ளிவிட்டேன். சாயங்காலம் அவள் அம்மாவின் மடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயதாகிறது, இனி அப்பன் மடியெல்லாம் எதற்கு? வளர்கிற பிள்ளை.

ராத்திரி நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக மேகலா சொல்கிறாள். நான் கேட்டதில்லை.

மே 10, சனி

இம்மானுவேல் வந்தான். ஊர் மார்த்தாண்டம். லீவில் போய்த் திரும்பும்போது ஒரு முழுப் பலாப்பழத்தை ரயிலேற்றிக் கொண்டுவந்திருக்கிறான். "அம்ம தந்துவிட்டாவ சார்" என்று கூடத்தில் இறக்கி வைத்தான்.

மேகலா காபி கொடுத்துவிட்டு அவனிடம் கேட்டாள். "அன்னிக்கு என்னதான் தம்பி ஆச்சு? இவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு."

"சார் புடிச்ச புடிதான் அக்கா. பதினோரு தப்படி! வேற ஆளா இருந்தா காரியம் கெட்டிருக்கும்."

"அப்புறம்?"

இம்மானுவேல் என்னைப் பார்த்தான். "பொறவு என்ன அக்கா, தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பினோம்."

பலாப்பழம் அறுக்கக் கத்தியில் எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லி நான் எழுந்து உள்ளே போனேன். எண்ணெய் தடவக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

திரும்பி வந்தபோது நிறைமதி அவனைக் குடைந்துகொண்டிருந்தாள். "நீங்களும் டிரைவரா மாமா?"

"பாதி டிரைவர் மக்ளே. ஒங்கப்பா சிக்னலைப் பாத்து, கைய நீட்டி, சத்தமா 'கிரீன்'னு சொல்லுவாரு. நானும் என் கண்ணால பாத்துட்டுத்தான் 'கிரீன்'னு சொல்லணும். அவரு சொல்லிட்டாருன்னு நான் சொல்லப்பிடாது. ரெண்டு பேரும் பாக்கணும், ரெண்டு பேரும் சொல்லணும். பச்சைன்னா போலாம், மஞ்சள்னா பாத்துப் போணும், செவப்புன்னா நிக்கணும்."

அவன் போன பிறகு நிறைமதி வீடு முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு திரிந்தாள். ஃபிரிட்ஜ் கிரீன். பீரோ எல்லோ. பல்லி ரெட்.

மே 11, ஞாயிறு

பீரோ, பல்லி எல்லாம் தீர்ந்து நிறைமதி என்னிடம் வந்துவிட்டாள். எட்டத்தில் நின்றுகொண்டு கையை நீட்டினாள். "அப்பா, தோள்?"

"கிரீன்."

"வயிறு?"

"கிரீன்."

"காலு?"

"கிரீன். போய் விளையாடு."

மேகலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

சுருக்கென்றது. பழகின லைனில் எல்லா டிரைவரும் செய்யும் தப்பு இது. தினமும் பச்சையாக இருக்கும் சிக்னல் இன்றும் பச்சையாகத்தான் இருக்கும் என்று, கம்பம் கண்ணில் படுவதற்கு முன்பே வாய் "கிரீன்" என்று சொல்லிவிடும். இதற்காக நான் நாலு அசிஸ்டென்ட்களைத் திட்டியிருக்கிறேன். ஒருவன் அழுதே விட்டான். கண்ணால் பார்க்காத சிக்னலுக்கு வாயைத் திறக்காதே என்று என்னென்ன பேச்செல்லாம் பேசியிருக்கிறேன்.

கோபம் வந்து மாடிக்குப் போய்விட்டேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

மே 12, திங்கள்

சரி, பார்த்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தோளிலிருந்து ஆரம்பித்தேன். தோள் இரண்டும் காதுக்கு அருகில் ஏறி நிற்கின்றன. எப்போது ஏறின என்று தெரியவில்லை. தாடை பூட்டிக் கிடக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. வயிறு எங்கே இருக்கிறது என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை, தேடித்தான் கண்டுபிடித்தேன். இழுத்துக் கட்டின மாதிரி உள்ளே ஒட்டியிருந்தது. வலது கால் விரல்கள் ஐந்தும் மடங்கி, தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஏப்ரலில் இருந்தே பிடித்துக்கொண்டிருக்கின்றனவோ என்னவோ.

விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். தரை குளுமையாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது, சிமெண்ட் தரை இவ்வளவு குளுமை என்று இன்றைக்குத்தான் தெரியும்.

"கால் ரெட்" என்று நிறைமதியிடம் சொன்னேன். அவளும் குனிந்து, உற்றுப் பார்த்துவிட்டு, "கால் ரெட்" என்றாள்.

மே 14, புதன்

தாடை: எல்லோ. மற்றதைப் பார்க்கவில்லை. கரண்டு பில் கட்டப் போனேன்.

மே 15, வியாழன்

டூட்டிக்குப் போகும் அவசரத்தில் எப்போதும் ஐந்து சொம்பில் குளியல் முடிந்துவிடும். இன்று மெதுவாக ஊற்றினேன். ஒரு சொம்பு இடது தோளில், ஒரு சொம்பு வலது தோளில், ஒன்று பிடரியில். தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இறங்குவது தெரிந்தது. ஊற்றும்போது தானாக மூச்சு நீளமாக வெளியே போகிறது. டாக்டரம்மா சொன்ன ஆறு எண்ணிக்கை எண்ணாமலேயே வந்துவிட்டது. அரை மணி நேரம் ஆகிவிட்டது. மேகலா பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

வெளியே வந்து, "தோள் கிரீன்" என்றேன். அவள் கிட்டே வந்து இரண்டு தோளையும் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் எல்லோ" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

நிறைமதி டிவி பார்க்கும்போது தன் பாதத்தை என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு முழு கார்ட்டூன் முடியும்வரை அசையவில்லை.

மே 18, ஞாயிறு

வருஷா வருஷம் மே மாதத்தில் மேகலா வடாம் பிழிவாள். விடிந்ததும் மாடியில் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். மாவு கெட்டியாகிவிட்டது. அவளால் அச்சை அழுத்த முடியவில்லை, என்னிடம் கொடுத்தாள்.

இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்குகிறது. கையில் நடுக்கம் இருந்தது, எழுதிவிடுகிறேன், ஒரு மாதமாகவே இருக்கிறது. ஆனால் அழுத்தும்போது நடுக்கத்துக்கு இடமில்லை. மாவு சூடாக இருந்தது. நாலு வரிசை பிழிந்திருப்பேன். வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வடாமைப் பார்த்துத்தான் பேசினேன்.

அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக்கைப் போட்டதும் மூடிக்கொண்டேன். பதினோரு தப்படியை நான் பார்க்கவில்லை. வண்டி எப்படி நின்றது, எப்போது நின்றது, ஒன்றும் தெரியாது. "சார், நின்னுட்டு சார்" என்று இம்மானுவேல் உலுக்கிய பிறகுதான் திறந்தேன். அவன் இறங்கி ஓடினான். நான் இறங்கவில்லை. என் கால் எழவில்லை. அந்தப் பெண் அழுதாளா, என்ன வயது, என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தாள், எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷ சர்வீஸில் கண்ணை மூடிய டிரைவருக்கு எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. இன்னொன்றையும் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு மூத்திரம் போய்விட்டது. பேண்ட் முழுக்க. இம்மானுவேல் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரில் பாதியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஏறி வந்தான். என்னைப் பார்த்தான். மீதித் தண்ணீரை என் மடியில் கொட்டி, தன் பேண்டிலும் கொட்டிக்கொண்டான். ஸ்டேஷன் மாஸ்டர் வந்தபோது, "பிரேக் போட்டதுல தண்ணி பாட்டில் கவுந்துட்டு சார்" என்றான். இருபத்தேழு வயசுப் பையன்.

மேகலா வேட்டியின் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"இம்மானுவேல் சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்றான்? அந்தப் பேண்ட் யாரு தொவச்சாங்க? தண்ணி கொட்டுன துணி எது, மத்தது எதுன்னு தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

ஐந்து வாரம். ஐந்து வாரமாக இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாவு ஆறிப்போகிறது என்று சொல்லி அச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஸ்கூல்ல என் பீரோல எப்பவும் நாலு சின்ன டிராயர் மடிச்சு வெச்சிருப்பேன். ஸ்கூலு தொறந்த மொத வாரம் எப்படியும் ரெண்டு மூணு புள்ளைங்க போயிடும். மாத்தி வுட்டு உக்கார வெப்பேன். அவங்க அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. பயந்தா போகும்ங்க. ஒடம்புன்னா அப்படித்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். மீதி வடாமையும் பிழிந்து முடித்தோம். என் வரிசைகள் கோணல்.

மே 19, திங்கள்

மதியம் இரண்டு மணிநேரம் தூங்கினேன். பல் கடிக்கவில்லையாம். நிறைமதி என் வயிற்றில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள், சட்டையில் எச்சில்.

மே 21, புதன்

கூட வேலை பார்க்கும் தயாநிதி போன் செய்தான். "டாக்டர்கிட்ட போய் வளவளன்னு பேசிடாத. தூக்கம் வருதா, வருது. பசிக்குதா, பசிக்குது. எல்லாம் நல்லா இருக்கு மேடம்னு சொல்லிட்டு வந்துட்டே இரு. ஒரு தடவ உன்ன நாற்காலில உக்கார வெச்சிட்டா அப்புறம் எறங்க விடமாட்டாங்க."

அவன் சொல்வது நியாயம்தான். முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் ரயில்வே கேட் வரை நடந்துபோய் ஒரு சரக்கு வண்டி போகிற வரை நின்றேன். ஐம்பத்தெட்டு வேகன். டிரைவர் எனக்குத் தெரிந்தவர், கையாட்டினார். அந்த ஜன்னலில் என் முகம் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

மேகலாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "உங்க ஒடம்பு, உங்க வேல. நான் என்ன சொல்றது?" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

மே 23, வெள்ளி

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எப்படி இருக்கீங்க குணசீலன்?" என்றார்.

வாயில் "கிரீன்" வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. அப்போது என் மடியில் இருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரல் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. என் பின்னால் மூவாயிரம் டன் வரும். முன்னால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நிமிஷம் கொடுங்கள் மேடம் என்று கேட்டுவிட்டு, மேலிருந்து கீழே வரை பார்த்தேன்.

"தாடை கிரீன். தோள் எல்லோ. கை எல்லோ. வயிறு இன்னும் ரெட் மேடம்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை எடுத்தார். கண்ணை மூடியதையும் சொன்னேன், பேண்ட் விஷயத்தையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. எத்தனை டிரைவர்களிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன் தெரியுமா என்றார். எனக்குத் தெரியாது. எங்களில் ஒருவரும் இன்னொருவரிடம் சொன்னதில்லை.

இன்னும் ஒரு மாதம் இன்ஜின் கிடையாது. ஆபீஸ் நாற்காலி. அதற்கப்புறம் இன்னொரு டிரைவரோடு மூன்றாவது ஆளாகச் சும்மா ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஓட்டுவதைப் பற்றி அப்போதுதான் பேச்சு. "எப்போன்னு நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று ஆகப் போகிற நேரம். மேகலா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முழங்காலில்தான் ஆரம்பித்தது. அங்கிருந்து தொடை, இடுப்பு, முதுகு, பல் வரை. ஒரு மாதமாகக் கையில் மட்டும் இருந்த நடுக்கம் உடம்பு முழுக்க ஓடியது. முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். "நிக்க மாட்டேங்குது மேகலா" என்றேன்.

அவள் என் கைகளை எடுத்துவிட்டாள். "நிக்கலன்னா போகட்டும். இப்ப யாரு அவசரப்படுறாங்க?"

முதுகில் உள்ளங்கையை வைத்தாள், தடவவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை, வைத்தாள். பீன்ஸ் வாசனை வந்தது. நான் அழுதேன், சத்தமாகத்தான் அழுதேன். நிறைமதி ஓடி வந்து வாசலில் நின்றாள். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அப்பா பயந்துட்டாரு. இப்ப சரியாயிட்டு வருது."

பயந்துவிட்டேன் என்று என் வீட்டில் ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சாதாரணமாக இருந்தது அந்தச் சொல். நிறைமதியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அம்மா விட்ட பீன்ஸை நார் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நடுக்கத்தை நான் பிடித்து வைக்கவில்லை. அது முதுகைவிட்டு இறங்கியது, பிறகு தொடை, பிறகு முழங்கால். கடைசியாக வலது பாதத்தில் கொஞ்சம் துடித்துவிட்டு ஓய்ந்தது. தானாகவே ஓய்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம்.

ஏப்ரல் பதினொன்று காலை ஒன்பதே முக்காலுக்கு நான் பிரேக் போட்டேன். மே இருபத்து மூன்று மதியம் ஒன்றே காலுக்கு வண்டி நின்றது. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.